பாலை நிலமும் அடைக்கல அறமும்



அரபுத் தீபகற்பத்தின் பாலை நிலம், அந்நிலத்தில் கூடாரம் அடித்து வாழ்ந்த பெடூயின் மக்களின் வாழ்வு, அந்த வாழ்வின் நடுவே 7ஆம் நூற்றாண்டில் இஸ்லாம் தோன்றிய வரலாறு ஆகிய மூன்றும் இந்தச் சொற்பொழிவின் பொருள். மூன்றும் தனித்தனிப் பாடங்களாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன; நிலம் புவியியலுக்கும், கூடாரம் மானிடவியலுக்கும், மார்க்கம் சமய வரலாற்றுக்கும் எனப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. ஆனால் மூன்றையும் ஒன்றாகக் கட்டும் கேள்வி ஒன்று உண்டு. நீரற்ற நிலத்தில் தனித்து நிற்கும் மனிதனை யார் காப்பது? நிலம் எழுப்பிய கேள்வி அது. பெடூயின்கள் அதற்கு ஒரு விடை சொன்னார்கள். இஸ்லாம் வேறொரு விடை சொன்னது. அந்த இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள தொலைவே இன்று இங்கு ஆராயப்படுகிறது.

தமிழ் மக்களுக்கு இந்தப் பொருள் புதியதன்று. 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தை இயற்றியபோது, நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைத் தமிழ் மருத நிலமாகவே பாடினார். அங்கே மலையில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, உழவர் வயலில் இறங்குகின்றனர். தாம் போற்றும் தலைவர் பிறந்த நாட்டைத் தாம் அறிந்த வளத்தாலெல்லாம் அணி செய்வது காப்பியப் புலவனின் உரிமை. அந்த அன்பு போற்றத்தக்கது. ஆயினும் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்தப் பசிய வயல்களைக் கடந்து, ஆறே இல்லாத உண்மையான அரபு நிலத்துக்குள் அடியெடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

அந்த நிலம் எத்தகையது? ஏறத்தாழ 30 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த அந்தத் தீபகற்பத்தில், ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மேற்கே செங்கடலை ஒட்டித் திஹாமா என்னும் வெப்பம் மிகுந்த கரையோரச் சமவெளி. அதையடுத்துச் சுவர்போல் எழும் ஹிஜாஸ் மலைத்தொடர். அந்தத் தொடர் தெற்கே யமனில் 3,600 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. மலைக்குக் கிழக்கே நஜ்த் எனப்படும் மேட்டு நிலம் மெல்லச் சரிந்து பாரசீக வளைகுடாவை நோக்கி இறங்குகிறது. வடக்கே நஃபூத் மணற்பரப்பு. தெற்கே ருப்உல் காலி, அதாவது ‘வெற்றுக் கால்பகுதி’ எனப் பெயர் பெற்ற மாபெரும் மணற்கடல். இரண்டையும் இணைத்து 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தஹ்னா என்னும் செம்மணல் பட்டை. ருப்உல் காலி மட்டுமே ஏறத்தாழ 6.5 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதன் மணற்குன்றுகளில் சில 250 மீட்டர் உயரத்தை எட்டுபவை.

பாலைவனம் என்றவுடன் மணலை மட்டுமே நினைப்பது பிழை. இஸ்லாம் தோன்றிய ஹிஜாஸ் பகுதியில் மணலைவிடக் கல்லே மிகுதி. எரிமலைக் குழம்பு உறைந்து, கருங்கற்கள் சிதறிக் கிடக்கும் பரந்த வெளிகள் அங்கே உண்டு. அரபியில் அவற்றுக்கு ஹர்ரா என்று பெயர். மனிதனின் பாதத்தையும் ஒட்டகத்தின் பாதத்தையும் ஒருசேரக் கிழிக்கும் அந்தக் கல்வெளி குதிரைப்படைக்கு இடம் கொடுக்காது. மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் அத்தகைய வெளிகள் உள்ளன. 1256ஆம் ஆண்டில்கூட அந்நகருக்கு அருகே எரிமலை வெடித்துக் குழம்பு ஓடியது. இந்தக் கருங்கல் வெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் ஒரு போரின் முடிவில் அதற்குப் பங்கு உண்டு.

மழை பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது. அதுவும் ஒழுங்காகப் பெய்வதில்லை. ஓரிடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு துளியும் விழாது. பிறகு ஒரே பிற்பகலில் கொட்டித் தீர்க்கும். அப்போது வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகள் காட்டாற்று வெள்ளத்தால் நிரம்பி, வழியில் தங்கியிருப்போரை அடித்துச் செல்லும். சில நாள்களில் வெள்ளம் மணலுக்குள் மறையும். சில வாரங்களில் அதே இடத்தில் புல் முளைக்கும். ஆகவே பாலை நிலத்தில் செல்வம் என்பது ஓரிடத்தில் நிலையாக இருப்பதன்று. அது மேகத்தோடு இடம் மாறுவது. அதைத் தேடிச் செல்பவனும் இடம் மாறியே ஆகவேண்டும்.

விதிவிலக்கும் இல்லாமல் இல்லை. தெற்கே யமனில் பருவமழை பெய்தது. அங்கே சபா நாட்டு மக்கள் மஃரிப் என்னுமிடத்தில் பேரணை எழுப்பி, வெள்ளநீரைத் தேக்கி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வேளாண்மை செய்தார்கள். ஹள்ரமவ்த், ஸுஃபார் பகுதிகளில் விளைந்த சாம்பிராணி ஒட்டகச் சாத்துகளின் முதுகில் ஏறி, நஜ்ரான் வழியாக வடக்கே பெத்ராவுக்கும் காஸாவுக்கும் சென்றது. அந்த அணை பலமுறை உடைந்தது. 548ஆம் ஆண்டளவில் அதைச் செப்பனிட்டதாக அப்ரஹா என்னும் ஆட்சியாளர் பொறித்த கல்வெட்டு இன்றும் உள்ளது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அணை முற்றாக அழிந்தது. குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் அந்தப் பெருவெள்ளத்தை நினைவுகூர்கிறது. வேளாண் தெற்கு தளர்ந்த காலத்தில்தான் மேய்ச்சல் வடக்கும் வணிக மேற்கும் வரலாற்றின் முன்வரிசைக்கு வந்தன.

இனி, இந்த நிலத்தில் மனிதன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதைக் காணலாம். ஒட்டகம் இல்லாவிட்டால் பெடூயின் வாழ்வே இல்லை. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் அரபு மக்கள் ஒற்றைத் திமில் ஒட்டகத்தைப் பழக்கிக்கொண்டார்கள். அதன் பின்னரே பாலைவனத்தின் உட்பகுதி மனிதனுக்குத் திறந்தது. அதன் திமிலில் இருப்பது நீர் அன்று, கொழுப்பு. நீரைச் சேமிக்கும் வித்தை அதன் உடல் முழுவதிலும் இருக்கிறது. பகலில் உடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறினாலும் அது எளிதில் வியர்ப்பதில்லை. ஏறிய வெப்பத்தை இரவுக் குளிரில் மெல்ல வெளிவிடுகிறது. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு நீரை இழந்தும் உயிர் தரிக்கிறது. கிணற்றை அடைந்ததும் 100 லிட்டருக்கும் மேற்பட்ட நீரைச் சில நிமிடங்களில் குடித்துத் தீர்க்கிறது. குளிர்காலத்தில் பசும்புல் கிடைத்தால் வாரக்கணக்கில் நீர் தேடாது. மனிதனால் குடிக்க முடியாத உவர்நீரையும் உண்ண முடியாத முட்செடியையும் உட்கொண்டு, அவன் பருகத்தக்க பாலாக மாற்றிக் கொடுக்கும் உயிர் அது. பாலும் பேரீச்சம்பழமும் இருந்தால் பெடூயின் குடும்பம் ஒரு பருவத்தையே கடந்துவிடும்.

கூடாரத்தையும் அருகே நின்று பார்க்க வேண்டும். ஆட்டு மயிரை நூற்று, நீண்ட கறுப்புப் பட்டைகளாக நெய்து, பட்டைகளை ஒன்றோடொன்று தைத்து அதைச் செய்தார்கள். நெய்தவர்கள் பெண்கள், கூடாரத்தை அடித்தவர்களும் பிரித்தவர்களும் அவர்களே. வெயில் காலத்தில் நெசவின் இடைவெளி வழியே வெப்பக் காற்று வெளியேறும். மழை விழுந்தால் மயிரிழைகள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். உள்ளே நெய்த திரை ஒன்று தொங்கும். ஒரு பக்கம் பெண்களும் குழந்தைகளும் உணவுப் பண்டங்களும், மறுபக்கம் ஆண்களும் விருந்தினரும். பெடூயின் விருந்தோம்பல் என்றவுடன் இன்று நினைவுக்கு வரும் காப்பி அந்தக் காலத்தில் இல்லை. அது யமன் வழியே பரவியது 15ஆம் நூற்றாண்டில். அன்று விருந்தினன் முன் வைக்கப்பட்டவை பாலும் பேரீச்சம்பழமும், வசதி இருந்தால் அறுத்த ஆட்டின் இறைச்சியும்.

அவர்களின் ஆண்டு விண்மீன்களால் அளக்கப்பட்டது. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் குலம் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து புல்வெளிகளைத் தேடிச் சென்றது. கோடை தொடங்கியதும் வற்றாத கிணறுகளைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். சுஹைல் என்னும் விண்மீன் விடியலில் தென்வானில் தோன்றினால் கடுங்கோடை முடியப்போகிறது என்று பொருள். தமிழர் அகத்தியரின் பெயரால் அழைக்கும் விண்மீனும் அதுவே. இவ்வாறு நாடோடி எனப்பட்ட அந்த மக்கள் மனம்போன போக்கில் அலைந்தவர்கள் அல்லர். எந்தப் பருவத்தில், எந்தக் கிணற்றில், எந்தக் குலத்துக்கு உரிமை என்பதை நன்கறிந்து, அதற்குள் நகர்ந்தவர்கள்.

இங்கேதான் அந்தக் கேள்வி எழுகிறது. அரசன் இல்லை, காவலர் இல்லை, சிறைச்சாலை இல்லை, எழுதி வைத்த சட்டம் இல்லை. பகலெல்லாம் நடந்தாலும் ஒரு கிணற்றைக் காணாத நிலத்தில், ஒருவனை மற்றொருவன் கொன்றுவிட்டுப் போனால் கேட்பது யார்? தனித்து நிற்கும் மனிதனைக் காப்பது யார்?

பெடூயின்கள் சொன்ன விடை இரத்தம். ஒரு தந்தை வழி வந்தவர்கள் அனைவரும் ஓர் உடல். அவர்களில் ஒருவனைத் தொட்டவன் அனைவரையும் தொட்டவன். கொலைக்குக் கொலை, அல்லது அதற்கு ஈடாக ஒட்டகங்கள். இந்த இரத்த ஈட்டுக்குத் தியா என்று பெயர். அதைக் கொலைகாரன் ஒருவனே செலுத்துவதில்லை, அவன் குலமே செலுத்தும். பழி வாங்கும் உரிமையும் குலத்துக்கே உரியது. கொல்லப்பட்டவனின் உறவினர் எப்போதாவது வந்தே தீருவார்கள் என்னும் அச்சமே கொலையைத் தடுத்தது. குலத் தலைவரான ஷெய்குக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. பேசி இணங்க வைக்கும் மதிப்பு மட்டுமே உண்டு. குலத்தை இழந்தவனுக்கு வழி இரண்டு: வேறொரு குலத்திடம் அடைக்கலம் கேட்கலாம், அல்லது சாகலாம்.

இந்த விடையின் பெருமையையும் சொல்ல வேண்டும், அதன் கொடுமையையும் சொல்ல வேண்டும். பெருமை எது? கூடாரக் கயிற்றைப் பற்றிக்கொண்டு அடைக்கலம் கேட்டவன் பகைவனாயினும் அவனைக் காத்தார்கள். வந்தவனுக்கு மூன்று நாள் விருந்தளித்தார்கள். ஆண்டில் நான்கு மாதங்களைப் புனித மாதங்களாக்கிப் போரை நிறுத்தினார்கள். அந்த மாதங்களில் தாயிஃபுக்கு அருகே உக்காஸ் சந்தை கூடியபோது, பகைமைக் குலங்கள் அருகருகே நின்று பொருள் விற்றன, கவிதை கேட்டன. கொடுமை எது? பஸூஸ் போர் எனப் பெயர் பெற்ற பெரும்பகையை நினைத்துப் பார்க்கலாம். தஃக்லிப் குலத் தலைவன் குலைப் ஒரு மேய்ச்சல் நிலத்தைத் தனக்கே உரியதென ஒதுக்கிக்கொண்டான்; பஸூஸ் என்னும் பெண்ணின் அடைக்கலத்தில் இருந்த ஒரு பெண் ஒட்டகம் அதற்குள் நுழைந்தபோது அதை அம்பெய்து வீழ்த்தினான்; அடைக்கலம் இழிவுபட்டதென அவளது உறவினன் ஜஸ்ஸாஸ் குலைபைக் கொன்றான். ஓர் ஒட்டகத்துக்காகத் தொடங்கிய அந்தப் பகை, தஃக்லிப், பக்ர் என்னும் உடன்பிறப்புக் குலங்களுக்கிடையே 40 ஆண்டுகள் நீடித்ததாக அரபு மரபு கூறுகிறது. இரத்தம் காத்தது உண்மை. இரத்தமே அழித்ததும் உண்மை.

இனி மக்காவுக்குள் நுழையலாம். மக்கா பெடூயின் முகாம் அன்று, அது நகரம். ஆயினும் பயிர் விளையாத பள்ளத்தாக்கு. வெற்று மலைகள் சூழ்ந்த இடம். ஸம்ஸம் கிணறும் கஅபா ஆலயமும் இல்லாவிட்டால் மனிதன் தங்குவதற்கே காரணம் இல்லாத இடம். அங்கே குடியேறிய குறைஷிக் குலத்தினர் ஆலயத்தின் புனிதத்தையும் வணிகத்தையும் இணைத்து வாழ்ந்தார்கள். வழியிலுள்ள பெடூயின் குலங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, குளிர்காலத்திலும் கோடைக்காலத்திலும் சாத்துகளை அனுப்பினார்கள். குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் குறைஷிகளின் பெயரையே தாங்கி அந்த இரு பயணங்களையும் குறிப்பிடுகிறது. அந்த வணிகத்தின் அளவைப் பற்றி அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மான்ட்கோமரி வாட் 1953இல் வெளியிட்ட நூலில் மக்காவைப் பெருஞ்செல்வ வணிக மையமாகக் கண்டார். பெட்ரிஷியா குரோன் 1987இல் அதை மறுத்து, நறுமணப் பொருள்களைவிடத் தோல் போன்ற எளிய பண்டங்களே அங்கே வணிகமாயின என்று வாதிட்டார். எவ்வாறாயினும், கூடாரத்தில் பிறந்த ஒழுக்கமும் சந்தையில் பிறந்த செல்வமும் மக்காவில் நேருக்கு நேர் மோதின என்பதில் ஐயமில்லை.

ஏனெனில் கூடாரத்தில் சேமிக்க முடியாது. வறட்சி வந்தால் எல்லோர் ஒட்டகமும் சாகும். ஆகவே உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். பணம் வறட்சியால் சாவதில்லை. அதைப் பூட்டி வைக்கலாம், வட்டிக்கு விடலாம், அநாதையின் பங்கையும் சேர்த்துக்கொள்ளலாம். குலத்தின் பெயர் மாறாமல் இருந்தது. குலத்தின் கடமை தேய்ந்து வந்தது. இதை ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவுக்குக் கொண்டுவந்த சரக்கை ஆஸ் பின் வாயில் என்னும் குறைஷிச் செல்வர் வாங்கிக்கொண்டு விலை கொடுக்க மறுத்தார். வந்தவருக்கு அங்கே குலம் இல்லை. ஆகவே அவருக்கு நீதியும் இல்லை. அவர் அபூ குபைஸ் குன்றின் மீதேறி, கீழே கஅபாவைச் சுற்றி அமர்ந்திருந்தோர் கேட்கத் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை முறையிட்டார். அதைக் கேட்டு வெட்கமுற்ற சில குடும்பத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, மக்காவில் அநீதிக்கு உள்ளானவன் உள்ளூரானாயினும் அயலானாயினும் அவன் பக்கமே நிற்பதென உறுதி பூண்டார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் அந்த உடன்படிக்கையில் பங்கேற்றவர்களுள், பிற்காலத்தில் இறைத்தூதராக, நபிகள் நாயகமாக அறியப்பட்ட இளைஞர் முஹம்மதும் ஒருவர். நபித்துவம் பெற்ற பின்னரும் அந்த உடன்படிக்கையை அவர் பெருமையோடு நினைவுகூர்ந்ததாக மரபு கூறுகிறது.

அவருடைய வாழ்வையே அந்தக் கேள்வியின் ஒளியில் காணலாம். 570ஆம் ஆண்டளவில் பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்தவர். மக்கா மக்களின் வழக்கப்படி, பாலைவனக் காற்றிலும் தூய அரபு மொழியிலும் வளரட்டும் என்று பனூ ஸஅத் குலத்து ஹலீமா என்னும் செவிலித்தாயிடம் ஒப்படைக்கப்பட்டுக் கூடாரத்தில் வளர்ந்தவர். ஆறு வயதில் தாயையும் எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்து, பெரிய தந்தை அபூ தாலிபின் அரவணைப்பில் வளர்ந்தவர். காப்பார் இல்லாத நிலை இன்னதென்று அவருக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஏறத்தாழ 610இல் ஹிரா குகையில் முதல் இறைச்செய்தி பெற்ற பின் அவர் விடுத்த தொடக்ககால அழைப்பில், ஒரே இறைவன், மறுமை நாள் என்னும் இரண்டோடும் பிரிக்க முடியாதபடி இணைந்து நின்றவை அநாதையை விரட்டாதே, ஏழைக்கு உணவளி, அளவையில் ஏமாற்றாதே என்னும் கட்டளைகள்.

எதிர்ப்பு எழுந்தபோது குலநெறியின் இரு முகங்களும் ஒருங்கே வெளிப்பட்டன. நபிகள் நாயகத்துக்கு அபூ தாலிப் இருந்தார். அவர் புதிய மார்க்கத்தை ஏற்றதாக அறிவிக்கவில்லை, ஆயினும் தம்பி மகனைக் கைவிடவில்லை. குறைஷிகள் பனூ ஹாஷிம் குடும்பத்தையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலக்கி வைத்தபோது, மார்க்கத்தை ஏற்காத உறவினரும் இரத்தக் கடமையால் அந்தத் துன்பத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் பிலாலுக்கு யார் இருந்தார்? அபிசீனிய வழியில் வந்த அடிமை, குலம் இல்லாதவர். நண்பகல் வெயிலில் கொதிக்கும் தரையில் அவரைக் கிடத்தி, மார்பின் மேல் பாறையை ஏற்றினார் அவருடைய எசமானர். கேட்க ஒரு குலமும் வரவில்லை. வந்தவர் அபூபக்ர், உறவினராக அல்லர், ஒரே நம்பிக்கை கொண்டவராக வந்து, விலை கொடுத்து விடுவித்தார்.

619இல் அபூ தாலிப் இறந்தார், காப்பு அறுந்தது. தாயிஃபுக்குச் சென்று கல்லடி பட்டுத் திரும்பிய நபிகள் நாயகம், பிறந்த ஊருக்குள் நுழையவே ஒருவரின் அடைக்கலம் தேவைப்பட்ட நிலையில் இருந்தார். அதை அளித்தவர் முத்இம் பின் அதீ. அவர் முஸ்லிம் அல்லர். பழைய அரபு அறத்தின் சிறந்த பிரதிநிதி. ஆயுதம் தாங்கிய மக்களோடு வந்து, அவரை ஊருக்குள் அழைத்துச் சென்றார். அந்த உதவி மறக்கப்படவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் குறைஷிகளோடு நடந்த பத்ருப் போரில் கைதிகள் பிடிபட்டபோது, முத்இம் உயிரோடிருந்து கேட்டிருந்தால் அவர்கள் அனைவரையும் விடுவித்திருப்பதாக நபிகள் நாயகம் கூறினார்.

622ஆம் ஆண்டு வந்தது. மக்காவுக்கு வடக்கே 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள யஸ்ரிப் என்னும் பேரீச்சந்தோப்பு நகர், அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு குலங்களின் பகையால் சோர்ந்து, நடுவர் ஒருவரை வேண்டி நின்றது. அங்கே செல்வதற்காக நபிகள் நாயகமும் அபூபக்ரும் முதலில் எதிர்த்திசையில், தெற்கே உள்ள தவ்ர் குகைக்குச் சென்று மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள். பின்னர் செங்கடற்கரை ஓரமாக, வழக்கமில்லாத வழியில் வடக்கே சென்றார்கள். வழிகாட்டியவர் அப்துல்லாஹ் பின் உரைகித் என்னும் பாலைவன வழிகளை அறிந்தவர். அவரும் அப்போது முஸ்லிம் அல்லர். அவ்விருவரின் தலைக்குப் பெரும் பரிசு அறிவிக்கப்பட்டிருந்த வேளையிலும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. இஸ்லாமிய ஆண்டுக் கணக்கே தொடங்கும் ஹிஜ்ரத் பயணம் ஒரு பாலைவன வழிகாட்டியின் நாணயத்தை நம்பி நடந்தது.

மதீனா எனப் பெயர் பெற்ற அந்த யஸ்ரிபில்தான் இரண்டாவது விடை வடிவம் பெற்றது. அங்கே எழுதப்பட்ட ஒப்பந்தம், மக்காவிலிருந்து வந்தோரையும் மதீனாவின் குலங்களையும் பெயர் சொல்லிக் குறித்து, அவர்கள் அனைவரும் உம்மத், அதாவது ஒரே சமுதாயம் என அறிவித்தது. யூதக் குழுக்களை அவரவர் மார்க்கத்தோடு அதில் இணைத்தது. குலங்களை அது ஒழிக்கவில்லை. இரத்த ஈட்டைக் குலங்களே செலுத்தட்டும் என்றே விட்டது. ஆனால் அவற்றின் மேலே ஒரு புதிய உறவைக் கட்டியது. அதில் ஒரு விதி தனியே நின்று சிந்திக்கத்தக்கது: நம்பிக்கையாளர்களுள் மிகத் தாழ்ந்த நிலையில் இருப்பவர் ஒருவருக்கு அடைக்கலம் அளித்தாலும் அது அனைவரையும் கட்டுப்படுத்தும். அடைக்கலம் அளிப்பது அதுவரை வலியவனின் பெருமையாக இருந்தது. இப்போது அது எளியவனின் உரிமையும் ஆயிற்று. அந்த ஒப்பந்தத்தின் இணக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் வரலாறு சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் எழுந்த பகையில் யூதக் குலங்களுள் இரண்டு வெளியேற்றப்பட்டன, மூன்றாவதான குறைழாவின் ஆண்கள் 627இல் கொல்லப்பட்டார்கள். அந்த நூற்றாண்டின் கடுமையை மறைத்துவிட்டு அதன் அறத்தை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

நிலம் அந்த நகரைக் காத்த கதையும் உண்டு. அதே 627இல் குறைஷிகளும் கத்ஃபான் முதலிய பெடூயின் குலத்தாரும் ஏறத்தாழ 10,000 பேர் திரண்டு வந்தபோது, மதீனாவின் கிழக்கையும் மேற்கையும் கருங்கல் வெளிகள் அடைத்து நின்றன. தெற்கே தோப்புகளும் வீடுகளும் நெருங்கியிருந்தன. திறந்திருந்தது வடக்கு மட்டுமே. பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் சொன்ன யோசனைப்படி அங்கே அகழி வெட்டப்பட்டது. குதிரைகள் தயங்கி நின்றன, குளிர்காற்று வீசியது, கூட்டணி கலைந்தது.

630இல் மக்கா நபிகள் நாயகத்தின் படைக்கு ஏறத்தாழப் போரின்றியே பணிந்தது. அன்று நடந்த ஒரு நிகழ்ச்சியில் மதீனா ஒப்பந்தத்தின் அந்த விதி உயிர்பெற்று எழுந்தது. அபூ தாலிபின் மகள் உம்மு ஹானீ, தம் கணவர் வழி உறவினர் இருவரைத் தம் வீட்டில் ஒளித்து அடைக்கலம் அளித்தார். அவர்களைக் கொல்ல வந்தவர் வேறு யாருமல்லர், அவருடைய சொந்தச் சகோதரர் அலீ. உம்மு ஹானீ கதவை அடைத்துவிட்டு நேரே நபிகள் நாயகத்திடம் சென்று முறையிட்டார்; அவர் அடைக்கலம் அளித்தோருக்குத் தாமும் அடைக்கலம் அளித்ததாக நபிகள் நாயகம் விடையளித்தார். வென்ற படையின் வாளை ஒரு பெண்ணின் சொல் நிறுத்தியது. அதே நாள்களில், ஒருகாலத்தில் கொதிக்கும் தரையில் கிடத்தப்பட்ட பிலால் கஅபாவின் மீதேறித் தொழுகைக்கு அழைத்தார்.

பாலை நிலத்தின் தழும்பு இஸ்லாமியச் சட்டத்திலும் பதிந்திருக்கிறது. நீர் கிடைக்காதவன் தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவித் தொழலாம். அதற்குத் தயம்மும் என்று பெயர். பயணி தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம். ஐந்து ஒட்டகங்களுக்கு ஓர் ஆடு எனத் தொடங்குகிறது கால்நடைகளுக்கான ஸகாத், அதாவது கட்டாய அறக்கொடை. மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கும், நீர் இறைத்து விளைவித்ததற்கு உழைப்பைக் கருதி இருபதில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். அதைப் பெறத்தக்கவர் எனக் குர்ஆன் வகுத்த எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். நீரும் புல்லும் நெருப்பும் மக்கள் அனைவருக்கும் பொது என்று நபிமொழி கூறுகிறது. மேய்ச்சல் நிலத்தைத் தலைவன் தனக்கென ஒதுக்கும் பழைய வழக்கம் தடுக்கப்பட்டு, பொது நன்மைக்கு மட்டுமே ஒதுக்கலாம் என்றாயிற்று. மதீனாவில் விலைக்கு நீர் விற்கப்பட்ட ரூமா கிணற்றை நபித்தோழர் உஸ்மான் வாங்கி அனைவருக்கும் விட்டார். குலைபின் ஒதுக்கு நிலத்தில் தொடங்கிய 40 ஆண்டுப் பகையை எண்ணிப் பார்த்தால், இந்த விதிகளின் எடை விளங்கும்.

அப்படியானால் இஸ்லாம் பாலைவனத்தின் விளைபொருளா? 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் அவ்வாறே கருதினார். எல்லையற்ற வெறுமை மனிதனை ஒரே கடவுளை நோக்கித் திருப்பும் என்று எழுதினார். இந்தக் கருத்து கேட்க இனிது, வரலாற்றில் நிற்காது. அதே பாலைவனத்தில் பல நூற்றாண்டுகளாகத் தாயிஃபில் லாத்தும், நக்லாவில் உஸ்ஸாவும், குதைதில் மனாத்தும் எனப் பல தெய்வங்கள் வணங்கப்பட்டன. ஒரே கடவுளை வணங்கிய யூதரும் கிறித்தவரும் பெரும்பாலும் யஸ்ரிப், கைபர், நஜ்ரான் போன்ற தோப்பு நகரங்களில் வாழ்ந்தார்கள். இஸ்லாமும் நகரத்தில் தோன்றி நகரத்தில் வளர்ந்தது. பெடூயின்கள் அதற்குத் தயங்கியே வந்தார்கள். குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் பாலைவன அரபிகளுள் ஒரு சாராரைக் கடுமையாகக் கண்டிக்கிறது. அவர்களுள் உண்மையான நம்பிக்கை கொண்டோரைப் போற்றவும் செய்கிறது. 632இல் நபிகள் நாயகம் மறைந்ததும், உடன்பாடு அவரோடு முடிந்துவிட்டதெனக் கருதிய பல குலங்கள் ஸகாத் கொடுக்க மறுத்தன. அவருக்குப் பின் தலைமை ஏற்ற அபூபக்ர் அக்குலங்களோடு போரிட்டே சமுதாயத்தைக் காக்க வேண்டியிருந்தது. நிலம் கேள்வியைக் கொடுத்தது. விடையை நிலம் கொடுக்கவில்லை.

1377இல் முகத்திமா என்னும் நூலை எழுதிய இப்னு கல்தூன் இந்த உறவை எவரினும் தெளிவாகக் கண்டார். குலத்தாரை ஒருவரோடொருவர் பிணைக்கும் உணர்வுக்கு அஸபிய்யா என்று பெயரிட்டு, பாலைவனத்தில் அது மிக வலிமையாக இருக்கிறது என்றும், மார்க்கம் அதனோடு சேர்ந்தால் போட்டியும் பொறாமையும் அடங்கி அந்த வலிமை பன்மடங்காகும் என்றும், நகர இன்பத்தில் அது தேய்ந்துபோகும் என்றும் விளக்கினார். இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டு வெற்றிகளை இந்தக் கருத்து பெரிதும் விளக்குகிறது. குலப் பகை மீண்டும் தலைதூக்கி அந்தச் சமுதாயம் தனக்குள்ளேயே மோதிக்கொண்டதையும் அதுவே விளக்குகிறது. பழைய விடை ஒருபோதும் முற்றாக மறைந்துவிடவில்லை. புதிய விடை ஒவ்வொரு தலைமுறையிலும் அதனோடு போராட வேண்டியிருந்தது.

பெரியோர்களே, இந்த வரலாறு எடுத்துரைக்கும் உண்மை இதுவே. தன் இரத்தத்தைச் சேர்ந்தவனைக் காப்பது மனிதனுக்கு இயல்பு. பாலைவனம் அந்த இயல்பை ஒரு பேரறமாக வளர்த்தது. தன் இரத்தத்தைச் சேராதவனையும் காப்பதற்கு இயல்பு போதாது. அதற்கு நம்பிக்கை வேண்டும், எழுதிய ஒப்பந்தம் வேண்டும், அதை மதிக்கும் ஆட்சி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வென்ற நாளிலும் அதை மீறாத மனம் வேண்டும். 7ஆம் நூற்றாண்டு அரபகத்தில் அந்த முயற்சி வெளிப்படையாக மேற்கொள்ளப்பட்டது; சில நாள்களில் அது வென்றது, சில நாள்களில் தோற்றது. குலமும் ஊரும் இனமும் பார்த்துக் காப்பை அளந்து கொடுக்கும் வழக்கம் இன்றும் உலகில் ஒழியவில்லை. ஆகவே இந்த வரலாற்றைக் கற்கும் மாணவர்கள் போர்களின் ஆண்டுகளை மட்டும் மனனம் செய்யாமல், குலமற்ற வணிகரின் முறையீட்டையும், முத்இமின் துணிவையும், உம்மு ஹானீயின் உறுதியையும் கற்க வேண்டும். கற்றதைத் தம் தெருவில் வந்து நிற்கும் அயலானிடம் காட்ட வேண்டும்.